நுரைக்குள் ஒரு திருடன்

பெட்டியை எங்கள் மேசைமேல் வைத்த மனிதர் உட்காரக்கூட இல்லை.

“என் சாமான் எல்லாம் இதுல இருக்கு மேடம். கத்தி, கத்தரி, சீப்பு, அஞ்சு பிரஷ். நல்லா சோதிச்சுப் பாத்துக்குங்க. மூணு மணிக்கு ஆஸ்பத்திரியில என்னை வேலையை விட்டு நிறுத்தி ஆர்டர் கொடுக்கறாங்க. அதுக்கப்புறம் இதெல்லாம் எனக்கு எதுக்கு?”

அண்ணி எழுந்து நின்றார். “அன்னைக்கு எங்கிட்ட சொல்லாம விட்டது ஏதாவது இருக்கா?”

அவர் தலை குனிந்தபடி படியிறங்கிப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரி வார்டில் அவருக்குப் ‘பூக்கை’ என்று பெயர். ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளிகளுக்கு மழித்துவிடுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறார். கத்தி பட்டதே தெரியாது என்பார்கள். ஆனால் கடந்த பதினோரு நாளாக அந்த வார்டில் ஒருவர்கூட அவரிடம் கழுத்தை நீட்டவில்லை.

காரணம் நாங்கள்தான்.

எங்கள் துப்பறியும் நிலையத்தில் மொத்தம் மூன்று உருப்படி. அண்ணி, நான், ஒரு மின்விசிறி. மூளை அண்ணிக்கு, வாய் எனக்கு, சத்தம் விசிறிக்கு. என் அண்ணன் இந்தக் கணக்கில் வரமாட்டான். ஒரு பொய்கூடச் சொல்ல முடியாத வீட்டில் பன்னிரண்டு வருடமாகக் குடித்தனம் நடத்துவதே அவனுக்கு முழுநேர வேலை.

பதினோரு நாளுக்கு முன்னால் வந்தார் கேப்டனின் மகள். கேப்டன் கப்பல் ஓட்டி ஓய்வு பெற்றவர். எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அவருக்கு மழித்துவிட்டது பூக்கை. வீடு திரும்பிய பிறகும் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து மழித்துவிட்டுப் போனார்.

கேப்டனிடம் ஒரு ஷேவிங் பிரஷ் இருந்தது. எழுபதாவது பிறந்தநாளுக்கு மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த பரிசு. பேட்ஜர் முடி. பேட்ஜர் என்பது கீரிக்குப் பெரியப்பா மாதிரி இருக்கும் ஒரு பிராணி. அதன் முடிக்கு நுனி வெள்ளை, நடுவில் கறுப்பு, அடியில் மறுபடி வெள்ளை. பிறந்தநாள் போட்டோவில் கேப்டன் அந்த பிரஷைக் கையில் பிடித்துச் சிரிக்கிறார். கறுப்புப் பட்டை பளிச்சென்று தெரிகிறது.

மகள் கொண்டுவந்த பிரஷில் பட்டையே இல்லை. முழுக்க மங்கிய மஞ்சள். பிடி மட்டும் அதே பிடி, அடியில் அதே சின்ன உடைசல். “போட்டோவை எடுத்துப் பாத்தப்போதான் கவனிச்சேன். முடிக்கட்டைப் பிடுங்கிட்டு வேற எதையோ சொருகி வெச்சிருக்காங்க மேடம்” என்றார்.

அண்ணி லென்ஸில் பார்த்தார். ஒவ்வொரு முடியும் நுனியில் இரண்டாக, மூன்றாகப் பிரிந்திருந்தது. அப்படிப் பிரிவது பன்றி முடி மட்டும்தான். வீட்டார் தவிர அந்த பிரஷைத் தொடுகிற ஒரே ஆள் பூக்கை. கூப்பிட்டுக் கேட்டோம். அவருக்குக் குப்பென்று வியர்த்தது. “மன்னிச்சிடுங்க மேடம்” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அண்ணி மூன்று வரியில் அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டார். மகள் அதை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்.

இன்று அந்த அண்ணி பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த ஐந்து பிரஷ்களையும் வரிசையாக அடுக்கிவிட்டுச் சிலையாக உட்கார்ந்திருந்தார்.

“என்ன அண்ணி, குடும்ப போட்டோ எடுக்கப் போறீங்களா?”

“இதைப் பார்றா.”

பார்த்தேன். ஐந்தும் மலிவான பன்றி முடி பிரஷ். அதில் மூன்றுக்கு முடிக்கட்டு ஆடிப்போய், கழுத்தில் நூல் சுற்றி இறுக்கியிருந்தது.

“பாவம், கழுத்துவலி” என்றேன்.

“ஒரு பிரஷோட முடிக்கட்டை முழுசாப் பிடுங்கி, இன்னொன்னைத் தடம் தெரியாம ஒட்டத் தெரிஞ்சவன், தன் சொந்த பிரஷுக்கு ஏன்டா நூல் சுத்தறான்?”

நூல் சுற்றிய ஒரு பிரஷை எடுத்து அசைத்துப் பார்த்தேன். முடிக்கட்டு ஆடியது.

“வண்டியை எடு” என்றார் அண்ணி.

*

பிரஷ் கடைக்காரரின் தலையில் ஒரு முடி கிடையாது. கடையில் ஒரு காட்டுக்குத் தேவையான முடி இருந்தது. கட்டுக்கட்டாகத் தொங்கியது. பெயின்ட் பிரஷ், பாட்டில் பிரஷ், ஷேவிங் பிரஷ் என்று எல்லாவற்றையும் தன் கையால் கட்டி விற்பவர்.

“இதை மட்டும் பாத்துச் சொல்லுங்க” என்று கேப்டனின் பிரஷை நீட்டினார் அண்ணி.

அவர் என்னைத்தான் பார்த்தார். “தம்பி ஷேவ் பண்ணி மூணு நாள் இருக்குமா?”

“நாலு. துக்கத்துல இருக்கேன். ரேசர் செத்துப்போச்சு.”

“நல்லதாப் போச்சு. கண்ணை மூடுங்க.”

கன்னத்தில் ஒன்று உரசியது. பூனை வாலால் தடவிய மாதிரி. “பேட்ஜர்” என்றார். அடுத்தது வழுவழுவென்று, ஆனால் கொஞ்சம் திமிராக. “குதிரை வால்.” மூன்றாவது மெத்தென்றிருந்தும் என்னவோ உயிரில்லாமல் இருந்தது. “நைலான். தண்ணி குடிக்காது. உதறினா அடுத்த நிமிஷம் காஞ்சுடும்.” நான்காவது என் மாமனார் பாசத்தோடு கட்டிப்பிடித்த மாதிரி இருந்தது. “அம்மாடி!” என்றேன்.

“புதுப் பன்றி முடி. முள்ளு. கொஞ்ச நேரம் வென்னீர்ல ஊறப்போட்டாத்தான் வழிக்கு வரும். நாலஞ்சு மாசம் போனா நுனி பிரிஞ்சு, பஞ்சாயிடும்.” ஐந்தாவதாக ஒன்றால் தடவினார். சாதுவாக இருந்தது. “அது நீங்க கொண்டு வந்தது. பன்றிதான். நல்லா உழைச்சது.”

“அது எங்களுக்குத் தெரியும்” என்றார் அண்ணி. “இந்த முடிக்கட்டை யாரு மாத்தியிருப்பா? இந்த ஊர்ல உங்களைத் தவிர யாருக்கு அந்த வேலை தெரியும்?”

கடைக்காரர் பிரஷை வெளிச்சத்தில் திருப்பினார். முடியும் பிடியும் சேர்கிற விளிம்பில் நகத்தை ஓட்டினார்.

“யாரும் மாத்தலையேம்மா.”

“என்னது?”

“முடிக்கட்டை வெளிய எடுக்கணும்னா உள்ள இருக்கற பசையைக் குடையணும். எவ்வளவு கெட்டிக்காரன் குடைஞ்சாலும் விளிம்புல கீறல் விழும். இதுல ஒரு கீறல் இல்ல. இந்த முடி இந்தப் பிடிக்குள்ள போனது கம்பெனியில. அதுக்கப்புறம் வெளிய வரவேயில்ல.”

“அப்போ பேட்ஜர் தானாவே பன்றியா மாறிடுச்சா?” என்றேன். “வீட்டோட மாப்பிள்ளையாப் போனா மனுஷனே மாறிடறான். பேட்ஜர் எம்மாத்திரம்.”

அண்ணி சிரிக்கவில்லை. பையிலிருந்து பிறந்தநாள் போட்டோவை எடுத்துக் கடைக்காரரிடம் கொடுத்தார். அவர் அதைக் கண்ணருகே கொண்டுபோனார். பிறகு ஒரு நிஜமான பேட்ஜர் பிரஷை எடுத்துப் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“கறுப்பு எங்க முடியுதுன்னு பாருங்கம்மா.”

நிஜ பிரஷில் கறுப்பின் ஓரம் மேலும் கீழுமாகக் கலைந்திருந்தது. ஒவ்வொரு முடியிலும் ஒவ்வொரு உயரம். போட்டோவில் இருந்த கறுப்போ, அடிக்கோல் வைத்துப் போட்ட கோடு மாதிரி நேராக நின்றது.

“மிருகம் அடிக்கோல் வெச்சா முடி வளர்க்கும்?” என்றார் கடைக்காரர். “பன்றி முடியில கறுப்புச் சாயத்தால பட்டை போட்டு, பேட்ஜர்னு தலையில கட்டறது பழைய வித்தை.” கேப்டனின் பிரஷை நடுவில் சீப்பால் பிளந்தார். வெளியே மஞ்சள். உள்ளே, தண்ணீர் அதிகம் போகாத நடுமுடிகளில், சாம்பல் நிறத்தில் ஒரு தடம் இன்னும் மிச்சம் இருந்தது. “இது பேட்ஜரா இருந்ததே இல்லம்மா. வாங்கின நாள்லேர்ந்து பன்றிதான். வென்னீர் பட்டுது, சாயம் ஓடிப்போச்சு.”

அண்ணி மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“நான் சொன்னதுல ஒரு வார்த்தைகூடப் பொய் இல்ல” என்றார். “இது பன்றி முடின்னு சொன்னேன். சரி. போட்டோவுல பட்டை இருக்குன்னு சொன்னேன். அதுவும் சரி. அந்தப் பட்டை நிஜமான்னு மட்டும் கேக்கல. இந்த போட்டோ பதினோரு நாளா என் பையில இருக்குடா.”

நான் ஏதோ சமாதானம் சொல்ல வந்தேன். அண்ணி அதற்குள் போனை எடுத்திருந்தார்.

“பூக்கை அண்ணே, நான்தான். ஒரே ஒரு கேள்வி. முதல் நாள் கேப்டன் பிரஷை வென்னீர்ல ஊறப்போட்டப்போ, மக்குல தண்ணி கறுப்பாச்சா?”

அந்தப் பக்கம் ஒரு வயதுவந்த மனிதர் அழுகிற சத்தம் கேட்டது.

“நான் எப்பவும் ஊறப்போடறதுதான் மேடம். கைப்பழக்கம். உசத்தி பிரஷை ஊறப்போடக் கூடாதுன்னு எனக்கு யார் சொன்னா? கறுப்பா ஓடுது. அவ்வளவு விலையுள்ள பொருளை நாசம் பண்ணிட்டேனேன்னு சொல்லாம தண்ணியைக் கொட்டிட்டேன். நீங்க கூப்பிட்டுக் கேட்டப்போ, அதைத்தான் கண்டுபிடிச்சுட்டீங்கன்னு நினைச்சேன். மன்னிச்சிடுங்கன்னேன். திருடினேன்னு நான் எப்ப மேடம் சொன்னேன்?”

சொல்லவில்லைதான். அவர் முகத்தில் குற்றத்தைப் பார்த்தோம். அது எந்தக் குற்றம் என்று கேட்க எங்களுக்குப் பொறுமை இல்லை.

அண்ணி அவரிடம் மூன்று மணிக்கு வார்டுக்கு வரச் சொன்னார். போனை வைத்துவிட்டு மணியைப் பார்த்தார். பன்னிரண்டரை.

“வாங்கிக்கொடுத்தவர் சாப்பிட வீட்டுக்கு வர்ற நேரம்” என்றார்.

*

கேப்டனின் மகன் அதே ஆஸ்பத்திரியில் நிர்வாக அலுவலர். பூக்கையின் ஆர்டரில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். வீட்டில் எங்களைப் பார்த்ததும் கை கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை மூட மறந்தார்.

கேப்டன் ஜன்னல் பக்கம் சக்கர நாற்காலியில் இருந்தார். முகம் முழுக்கப் பதினோரு நாள் தாடி.

“வேற ஆளைக் கூட்டிட்டு வந்தோம் மேடம்” என்றார் மகள். “அப்பா முகத்தையே திருப்பிக்கிட்டார். பாவம், அந்தத் திருட்டு அவரை அவ்வளவு பாதிச்சிருக்கு.”

“இந்த வீட்டுல நான் அன்னைக்கு ரெண்டு பேரை விசாரிச்சேன்” என்றார் அண்ணி. “உங்களை, உங்க அண்ணனை. இவரை விட்டுட்டேன்.”

“அப்பாவால பேச முடியாதே.”

“ஆமாம், இல்லன்னு சொல்ல முடியுமா?”

“அது முடியும். இடது கையில ஒரு விரலைத் தூக்கினா ஆமாம். கையை மூடினா இல்ல.”

அண்ணி நாற்காலிக்கு முன்னால் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். பிரஷைக் காட்டினார்.

“கேப்டன் சார், முதல்ல உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன். அப்புறம் கேள்வி. இந்த பிரஷை யாராவது மாத்தினாங்களா?”

கை மூடியது. அவ்வளவு வேகமாக மூடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

“அப்போ இது உங்க மகன் கொடுத்த அதே பிரஷ்?”

விரல் எழுந்தது.

“இது பேட்ஜர் இல்லன்னு உங்களுக்குத் தெரியுமா?”

விரல்.

“எப்போ தெரியும்? பூக்கை ஊறப்போட்ட பிறகா?”

கை மூடியது.

“வாங்கின அன்னைக்கேவா?”

விரல்.

மகள் “அப்பா!” என்றார்.

“இவர் இதை எத்தனை தடவை உபயோகிச்சிருக்கார்?” என்று அண்ணி மகளிடம் கேட்டார்.

“உபயோகிக்கவே இல்ல மேடம். ‘உசத்தியான சாமான், வீணாக்கக் கூடாது’ன்னு ஸ்டாண்டுலயே வெச்சிருந்தார். வர்றவங்க எல்லார்கிட்டயும் ‘என் மகன் வாங்கிக் கொடுத்தது’ன்னு காட்டுவார். வாங்கினதுலேர்ந்து ரெண்டு வருஷமும் பழைய பிரஷ்லதான் ஷேவிங். அவர் படுத்ததுக்கு அப்புறம் நான்தான் பூக்கைகிட்ட இதை எடுத்துக் கொடுத்தேன். அப்பாவுக்கு நல்லதாவே போடட்டும்னு...” மகளின் குரல் தேய்ந்தது. “அன்னைக்கு அப்பா கையைப் போட்டு அப்படி ஆட்டினார். கத்தியைப் பாத்துப் பயப்படறார்னு நினைச்சேன்.”

அண்ணி மறுபடி கேப்டன் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நனைஞ்சா சாயம் போயிடும். சாயம் போனா மகன் பொய் வெளிய வந்துடும். அதனாலதான் ரெண்டு வருஷம் ஒரு சொட்டுத் தண்ணிகூட படாம காப்பாத்தினீங்களா சார்?”

இந்த முறை விரல் உடனே எழவில்லை. கேப்டன் மகனைப் பார்த்தார். மகன் பார்வையைத் தாழ்த்தினார். பிறகு அந்த விரல், மிகவும் மெதுவாக, எழுந்தது.

மகன் நாற்காலியின் காலடியில் உட்கார்ந்துவிட்டார்.

“அப்பா எங்கிட்ட வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள் அது. கப்பல்ல ஒருத்தர் வெச்சிருந்தாராம், அது மாதிரி ஒன்னு வேணும்னார். வெளிநாட்டுல பத்து நாள் இருந்தேன் மேடம். மறந்துட்டேன். ஊருக்கு வந்து ரயிலடி பக்கத்துக் கடையில இதை வாங்கினேன். டப்பாவை மட்டும் மாத்தினேன்.”

“தங்கச்சி திருட்டுன்னு சொன்னப்போ?”

“உடனே புரிஞ்சுடுச்சு. சொல்லியிருக்கணும். அப்பா முன்னாடி எப்படிச் சொல்றது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு...”

“அண்ணா, அந்த மனுஷர் நம்ம அப்பாவை ஆஸ்பத்திரியில குளிப்பாட்டினவர்” என்றார் தங்கை. “நான் நர்ஸுங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேனே. வார்டு முழுக்கச் சொல்லிட்டேனே.”

எனக்கு இந்த மாதிரி இடத்தில் ஒரு ஜோக்காவது வரும். வரவில்லை.

“ஆர்டர்ல கையெழுத்துப் போட்டாச்சா?” என்று கேட்டார் அண்ணி.

“காலையிலேயே.”

அண்ணி திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அண்ணி எழுந்து, புடவையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டார்.

“என் கையெழுத்தை வெச்சுத்தான் சார் நீங்க போட்டீங்க. ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம், வாங்க.”

*

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. வார்டு வாசலில் பூக்கை நின்றிருந்தார். அவர் கண்முன்னாலேயே மகன் ஆர்டரை நாலாகக் கிழித்தார். “தப்பு முழுக்க என்னோடது. நீங்க உள்ள போய் வேலையைப் பாருங்க” என்றார்.

பூக்கை நகரவில்லை.

“காகிதத்தைக் கிழிச்சா போதுமா சார்? உள்ள படுத்திருக்கறவங்க கழுத்தைக் கொடுக்கறவங்க. திருடன் கையில எவன் கழுத்தைக் கொடுப்பான்? நேத்து ஒருத்தர் என்னைப் பார்த்ததும் தலைகாணிக்கு அடியில இருந்த பர்ஸை எடுத்து மடியில வெச்சுக்கிட்டார்.”

“நோட்டீஸ் ஒட்டிடறேன்” என்றார் மகன்.

“என்னைத் திருடன்னு சொன்னப்போ யாரும் நோட்டீஸ் ஒட்டலையே சார். வாயாலதானே சொன்னீங்க?”

அண்ணி அவரைப் பார்த்தார். அறிக்கை எழுதும்போது இருந்த நிமிர்வு அண்ணியின் தோளில் இல்லை.

“எத்தனை கட்டில் அண்ணே?”

“பதினெட்டு மேடம்.”

அண்ணி உள்ளே நடந்தார். முதல் கட்டிலில் ஒரு லாரி டிரைவர். கழுத்தில் கட்டி, நாலு மணிக்கு ஆபரேஷன். தாடி அப்படியே இருந்தது. நர்ஸ் ரேசரோடு பக்கத்தில் நின்று, தன்னையாவது மழிக்க விடும்படி கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“வணக்கம் சார். நான் துப்பறியும் வேலை செய்யறவ. இதோ நிக்கறாரே, இவர் பிரஷ் திருடினார்னு எழுதிக் கொடுத்தது நான்தான். அது தப்பு. இவர் எதையும் திருடல.”

டிரைவர் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். “அப்போ திருடன் யாரும்மா?”

“யாரும் இல்ல. திருட்டே நடக்கல.”

“திருட்டே நடக்கலையா? பின்ன எதுக்கு இந்த மனுஷனை இந்தப் பாடு படுத்தினீங்க?”

அண்ணி அவரைப் பார்த்துக் கைகூப்பினார். அந்த முகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. வார்டு மொத்தமும் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது.

பின்னாலிருந்து மகன் முன்னால் வந்தார். கழுத்தில் அவருடைய அதிகாரி அட்டை தொங்கியது.

“மட்டமான பிரஷை வாங்கி எங்க அப்பாகிட்ட பொய் சொன்னது நான். இவர் மேல பழி விழுந்தப்போ வாயை மூடிக்கிட்டு இருந்ததும் நான்.”

டிரைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். கடைசியில் பூக்கையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“நர்ஸம்மா, நீங்க போங்க” என்றார். தலையணையில் சாய்ந்து, கண்ணை மூடி, கழுத்துத் தெரிய முகவாயைத் தூக்கினார்.

பூக்கை ரேசரை வாங்கிக்கொண்டார். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவர் மட்டும் தன் பர்ஸின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தக் கட்டிலுக்கு நகர்ந்தார்.

“வணக்கம் சார்” என்று மறுபடி ஆரம்பித்தார். இன்னும் பதினேழு பேர் இருந்தார்கள்.